ஊதாத் தண்ணீர்

"மருந்து எப்போ போட்டாங்க?"

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடியே அமுதவல்லி கேட்டார். உள்ளே தண்ணீர் தெளிவாக இருந்தது. அடிப் பாறைகூடத் தெரிந்தது. தண்ணீர் தொடும் மட்டத்தில் மட்டும் சுவர்க் கற்கள் பழுப்பேறியிருந்தன.

"அன்னைக்குத்தான்," என்றேன். "எங்க ஊர்ல கெணத்துல யாராச்சும் உழுந்துட்டா, தூக்குன கையோட மருந்து கரைச்சி ஊத்திடுவாங்க. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு."

"அப்ப தூக்குன பொறவு போட்டது."

"ஆமா." அப்படிச் சொன்ன பிறகுதான் அந்தக் காட்சி மறுபடி கண்ணில் வந்தது. "இல்லைங்க. தூக்குனப்பவே தண்ணி ஊதாவாத்தான் இருந்துச்சி."

அமுதவல்லி நிமிர்ந்தார். "இத போலீஸ்ல சொன்னீங்களா?"

"கேக்கல."

"நீங்களா சொல்லலியா?"

"தோணல."

உண்மையாகவே தோன்றவில்லை. பிணம் எடுத்த கிணற்றில் ஊதாத் தண்ணீர் இருப்பது எங்களுக்கு வழக்கம். போலீசார் மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். வெளுத்துக்கொண்டிருந்த ஊதாவைப் பார்த்தார்கள், ஊரார் போட்ட மருந்து என்று நினைத்தார்கள். ஊரார், யாரோ போட்டிருப்பார்கள் என்று நினைத்தார்கள். நான் எதையும் நினைக்கவில்லை.

நதியா என் மனைவி. எங்கள் சிற்றூரின் அங்கன்வாடியில் பணியாளராக இருந்தாள். நான் தபால் பட்டுவாடா செய்கிறவன். இலாகா பயிற்சிக்காகத் திருவண்ணாமலை போயிருந்தேன். ஒரு ராத்திரி அங்கே தங்கி, மறுநாள் மத்தியானப் பேருந்தில் திரும்பி வந்தபோது அவளைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அது நடந்து நாலு நாள் ஆகியிருந்தது.

குதித்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. கிணற்றடியில் செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். குடம் கொண்டுவரவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. இந்த மூன்றையும் வைத்துப் போலீசாரும் அப்படியே எழுதப் போவதாகச் சொன்னார்கள். ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர்தான், ஆலங்காயத்தில் இருக்கும் என் மாமியார் சாந்தம்மாள். அவர்தான் வேலூருக்குப் போன் செய்து அமுதவல்லியை வரச் சொன்னவர். 'அவ தானா போனாளா இல்லியா, அத மட்டும் சொல்லச் சொல்லுப்பா' என்றார் என்னிடம். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கேட்கத்தான் தெம்பில்லாமல் இருந்தது.

அமுதவல்லிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்லூரியில் வேதியியல் படித்தவர். வேலூரில் துப்பறியும் நிறுவனம் வைத்திருக்கிறார். பெயர்தான் துப்பறியும் நிறுவனம், வருவதெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, வேலை நிஜமா, வேறு தொடர்பு உண்டா.

"உங்களயும் நாங்கதான் சார் விசாரிச்சோம்," என்றான் அவருடைய உதவியாளன் சின்னராசு. முன்பு ஆட்டோ ஓட்டியவன். வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இருப்பான். "கல்யாணத்துக்கு முந்தி, பொண்ணு வூட்டுக்காக, உங்க மச்சான் ஏற்பாடு. உங்க சைக்கிள் பின்னாடியே மூணு நாளு மலையேறுனேன். ஒரு பீடி? இல்ல. ஒரு டாஸ்மாக்? இல்ல. தொழில் வாழ்க்கையில இவ்ளோ போரான ஆள பாத்ததில்ல. அக்கா ரிப்போர்ட்ல 'தங்கமான பையன்'னு எழுதிட்டாங்க. நான் 'தூக்கம் வருது'ன்னு எழுதச் சொன்னேன்."

"சின்னராசு," என்றார் அமுதவல்லி.

"சொல்லலைக்கா."

கிணற்றின் விளிம்பு இடுப்புக்கும் கீழேதான் இருக்கும். சுற்றிலும் கருங்கல் அடுக்கியது. ஓரிடத்தில் ஒரு கல் இல்லை. அமுதவல்லி அந்த இடைவெளியில் கையை வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கல்லு எப்ப உழுந்தது?"

"தெரியலிங்க. தூக்கும்போது பேந்திருக்கும்."

"செருப்பு?"

"குடிதண்ணி கெணறுங்க இது. கிட்ட வரும்போது எல்லாருமே கழட்டிட்டுதான் வருவாங்க."

"இதயும் போலீஸ் கேக்கல."

"அவங்க மலைக்குக் கீழேர்ந்து வந்தவங்க."

ஊருக்கு இருக்கும் குடிதண்ணீர்க் கிணறு அது ஒன்றுதான். கோடையில் அதில் யாரும் மோட்டார் இறக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடும் உண்டு. அதனால்தான் மார்ச் மாதத்திலும் அதில் ஓர் ஆள் மூழ்கத் தண்ணீர் இருக்கிறது.

"ஒரே ஒரு கேள்விதான் இப்ப," என்றார் அமுதவல்லி. "தூக்குறதுக்கு முந்தியே கெணத்துல மருந்து போட்டது யாரு? குதிக்கப் போறவ மருந்து கலக்கிட்டுக் குதிக்க மாட்டா. வேற யாரோ போட்டிருக்காங்க. போட்டவங்க இத்தன நாளா நான்தான் போட்டேன்னு வாயத் தெறக்கல."

"புண்ணியத்த கமுக்கமா பண்ற ஆளோ இன்னாவோ," என்றான் சின்னராசு.

* * *

அங்கன்வாடிச் சாவி என்னிடம்தான் இருந்தது. அலமாரியில் நதியா கிணற்றுக்காக வைத்திருந்த மருந்துப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் பிள்ளைகளின் டம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நான் அலமாரியை மூடினேன்.

"அப்ப இவங்க போடல. வேற யாருகிட்ட இருக்கும்?" என்றார் அமுதவல்லி.

"மாட்டுக்கு கோமாரி வந்தா வச்சிருப்பாங்க. வாயிலயும் கொளம்புலயும் புண்ணு வரும். இத கரைச்சிதான் கழுவுவாங்க. இந்த வாட்டி ரெண்டு வூட்ல வந்திருக்கு. வீரன் வூடு. எங்க அண்ணன் சடையன் வூடு."

"மருந்து எங்க வாங்குறது?"

"ஜமுனாமரத்தூர் கடையில. ரெண்டு பேருக்கும் நான்தான் வாங்கியாந்து குடுத்தேன். ஆளுக்கு ஒரு டப்பா."

அமுதவல்லி என்னைப் பார்த்துவிட்டு, வீரன் வீட்டுக்கு முதலில் போகலாம் என்றார்.

வீரன் கொட்டகையில் பசுவின் பின்னங்காலைத் தூக்கித் தொடையில் வைத்திருந்தார். ஐம்பது வயதுக்காரர். முன்னால் இருந்த அலுமினியக் குண்டானில் ஊதாத் தண்ணீர். அவருடைய விரல் நுனிகளும் நகங்களும் காப்பிக் கொட்டை நிறத்தில் இருந்தன.

"கை இன்னாங்க இப்படி இருக்கு?" என்றார் அமுதவல்லி.

"மாட்டு மருந்துதான்மா. தண்ணியில ஊதா, கையில பட்டா மண்ணு கலரு. சோப்பு போட்டாலும் போவாது. இந்தக் கையோட சோத்துல கைய வச்சா எம்பொண்டாட்டி மாட்ட பாக்கற மாரி பாக்குறா."

"மாட்ட நல்லாத்தான பாப்பாங்க?" என்றான் சின்னராசு.

"மாட்ட நல்லாத்தான் பாக்குறா. அதுவே எனக்கு வயித்தெரிச்சலு."

சின்னராசு குண்டானில் ஆள்காட்டி விரலை விட்டுக் கலக்கினான். "ரோஸ் மில்க்கு." எடுத்துப் பார்த்தபோது விரல் ஊதாவாக இருந்தது. பேண்டில் துடைத்தான். சற்று நேரத்தில் அது பழுப்பாகத் திரும்பியது. "இன்னாக்கா இது, ஓட்டுப் போடாமயே மை வச்சிட்டாங்க."

"அன்னைக்கு காலையில கெணறு எப்படி இருந்துச்சி?" என்று அமுதவல்லி வீரனைக் கேட்டார்.

"நல்ல ஊதாம்மா. சாயப் பாவாடைய நனைச்ச மாரி. விடிய தண்ணிக்குப் போன பொம்பளைங்க பாத்துட்டு வெறுங்கொடத்தோட வந்துட்டாங்க. மருந்து போட்டிருந்தா கலரு போற வரைக்கும் யாரும் கொடம் எறக்க மாட்டாங்க. நம்ம நதியா டீச்சரு போட்டிருக்கும்னு நெனச்சோம். அதுதான எப்பவும் போடும்." அவர் என் பக்கம் பார்த்துவிட்டு மாட்டின் காலைப் பார்த்தார். "மத்தியானம் கொஞ்சம் வெளுத்துச்சி. எம்பொண்டாட்டி எட்டிப் பாத்தா. பொடவ தெரிஞ்சிச்சி."

"உங்க மருந்து டப்பா இருக்கா?"

வீரன் கூரையில் செருகியிருந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தார். முக்கால்வாசி இருந்தது. அமுதவல்லி அதிலிருந்து ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சின்னராசு மெதுவாகக் கேட்டான். "கை பூரா கறை. டப்பா கையில. புடிச்சிடலாமாக்கா?"

"மாட்டுக்கு மருந்து போடுறவன் கையில மாட்டு மருந்து இருந்தா அது குத்தமாடா? கேட்ட ஒடனே சொன்னாரு. டப்பாவையும் காட்டுனாரு."

"அதுவும் செரி. குத்தம் பண்றவன் பொண்டாட்டிய பத்தி இவ்ளோ மனசுவிட்டுப் பேச மாட்டான்."

* * *

அண்ணன் சடையன் வீடு ஊரின் மறு கோடியில், அவனுடைய தக்காளித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. அண்ணி செங்கத்தில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு வாரமாகியிருந்தது. வாசலில் புளி குவித்திருந்தது. எல்லா வீட்டிலும் அந்த மாதம் அதுதான் வேலை. ஓட்டைத் தட்டி, நார் உரித்து, கொட்டை நீக்கிச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். அண்ணன் குவியலின் முன்னால் மரக்கட்டையோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "சாப்ட்டியாடா?" என்றான். நாலு நாளாக என்னை அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

"சாப்ட்டேன்."

அமுதவல்லி கல் மேல் உட்கார்ந்தார். சின்னராசுவுக்கு உட்கார இடமில்லை. குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, கேட்காமலேயே ஒரு புளியை எடுத்து உடைத்து, நாரை இழுத்துப் போட்டுவிட்டு வாயில் வைத்தான். கண்ணை மூடித் திறந்தான். இன்னொன்றை எடுத்தான்.

"அன்னைக்கு சாயந்தரம் நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதாம்மா. புளி தட்டிட்டு இருந்தேன். ராத்திரி வரைக்கும் அதான். மறுநாளு சேதி வந்தப்பவும் இதே எடத்துலதான். இன்னிக்கு வரைக்கும் வேற வேலயே இல்ல."

"ஒண்டி ஆளாவா?"

"ஊட்ல இல்லியே அவ."

"நதியா கடைசியா உங்ககிட்ட எப்ப பேசுனாங்க?"

அண்ணன் யோசித்தான். "ரெண்டு நாளு முந்தி. தக்காளி கேட்டுச்சி அங்கன்வாடிக்கு. குடுத்தேன்."

"வருத்தமா இருந்தாங்களா?"

"மனசுல இருக்கிறது நமக்கு இன்னா தெரியும்மா." அண்ணன் கட்டையை மடியில் வைத்துக்கொண்டான். "கொழந்த இல்லன்னு இருந்திருக்கும்."

நான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தக்காளிச் செடிகள் வாடிக் கிடந்தன. சின்னராசு ஒரு கைப்பிடிப் புளியை உரித்து முடித்து, உருண்டையாகப் பிசைந்துகொண்டிருந்தான்.

"மாடு எப்படி இருக்கு?" என்றார் அமுதவல்லி.

"தேவலாம்மா."

"கை இன்னாங்க இப்படி இருக்கு?"

வீரனிடம் கேட்ட அதே கேள்வி, அதே குரல். அண்ணன் கையைத் திருப்பிப் பார்த்தான். நகங்களும் நகக் கண்களும் பழுப்பாக இருந்தன.

"புளிக் கறைம்மா. இதுலயே கெடக்கறேன் இல்ல."

"ஆமாமா," என்றார் அமுதவல்லி. எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வர்றோம்ங்க."

சின்னராசு புளி உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

* * *

வண்டி ஊர் எல்லை தாண்டி ஒரு புங்க மரத்தடியில் நின்றது. நிறுத்தச் சொன்னது அமுதவல்லி.

"கைய காட்டுடா."

"தின்னது ரெண்டே ரெண்டுதாங்கா. மீதி இருக்கு."

"கைய காட்டு."

சின்னராசு காட்டினான். ஆள்காட்டி விரல் சுத்தமாக இருந்தது. அவனே திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மை எங்க போச்சி?"

அமுதவல்லி தண்ணீர் பாட்டிலைத் திறந்து, வீரன் கொடுத்த பொட்டலத்திலிருந்து இரண்டு மூன்று துகளைப் போட்டார். ஊதா நூல் நூலாக இறங்கி, குலுக்கியதும் பாட்டில் முழுக்கப் பரவியது. சின்னராசுவின் பையிலிருந்த புளி உருண்டையை இன்னொரு பாட்டிலில் கரைத்து, அந்தக் கரைசலை இதில் ஊற்றினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஊதா மங்கி, கலங்கிய பழுப்பாயிற்று. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். பழுப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசியில் வெறும் புளித் தண்ணீர்தான் இருந்தது.

"மாங்கனீசுன்னு ஒரு உலோகம்," என்றார். "மூணு நிறத்துலயும் ஆளு ஒண்ணுதான். ஏழு எலக்ட்ரானை இழந்துட்டு நிக்கும்போது ஊதா. சும்மா நிக்காது. கிட்ட இருக்கிற எதுகிட்டயாவது பிடுங்கும். தோலுகிட்ட, அழுக்குகிட்ட. மூணு திரும்பக் கெடைச்சா, இழந்தது நாலு. அப்ப பழுப்பு. கையில ஒட்டிக்கிட்டு எறங்காது, சோப்புக்கும் அசையாது. புளி மாதிரி ஒண்ணு இன்னும் ரெண்டு குடுத்துச்சின்னா, இழந்தது ரெண்டுதான். அதுக்கப்புறம் நிறமே கெடையாது. தண்ணியோட போயிடும்."

"ஏழுல ஊதா, நாலுல பழுப்பு, ரெண்டுல ஒண்ணுமில்ல," என்றான் சின்னராசு. "என் பேங்க் அக்கவுண்டு எப்பவும் ரெண்டுதாங்கா."

அமுதவல்லி பாட்டிலை மூடிவிட்டுத் திரும்பினார். என்னிடம்தான் பேசினார்.

"மோகன், இவன் அரை மணி நேரம் சும்மா உக்காந்து புளி உரிச்சான். விரலு வெளுத்துடுச்சி. நாலு நாளா அதுலயே கெடக்கிறவரு நகத்துல பழுப்பு எப்படி நிக்குது?"

நான் பாட்டிலைப் பார்த்தேன்.

"அவரு புளிய தொடவே இல்ல," என்றான் சின்னராசு. குரலில் விளையாட்டு இல்லை. "நான் பாத்தேன் சார். குவியல்ல ஒரு ஓடு ஒடைஞ்சி கெடக்கல. ஒடைச்சது பூரா நானு."

"அது கூடப் பரவால்ல," என்றார் அமுதவல்லி. "மாட்டு மருந்துன்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன். வீரன் சொன்னாரு, நம்பிட்டேன். உங்க அண்ணன் வூட்லயும் மாடு இருக்கு. மருந்து நீங்களே வாங்கிக் குடுத்தது. சொல்றதுக்கு ஒரு நெசமான காரணம் கையிலயே இருக்கும்போது, மருந்துங்கிற பேச்சே வரக் கூடாதுன்னு ஏன் புளிய சொல்லணும்?"

பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எதுவும் ஆகவில்லை. மரத்தடியில் ஓர் ஆடு நின்று எங்களைப் பார்த்தது. வண்டியைத் திருப்பச் சொன்னது நான்தான் என்று சின்னராசு பிறகு சொன்னான். எனக்கு ஞாபகமில்லை.

"எதையோ மறைக்கத்தான் அந்த மருந்து," என்றார் அமுதவல்லி வழியில். "அது இன்னான்னு அவரு வாயால வரணும்."

* * *

வண்டி திரும்பி வருவதைப் பார்த்தும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. அதே இடத்தில், கட்டையை மடியில் வைத்தபடி இருந்தான்.

அமுதவல்லி ஏதோ ஆரம்பித்தார். நான் குவியலிலிருந்து ஒரு புளியை எடுத்து உடைத்து, அண்ணனின் முன்னால் குந்தி, அவன் வலது கையைப் பிடித்து நகத்தில் தேய்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பழுப்பு இளகி வந்தது. மூன்றாவது விரலுக்குப் போகும்போது அவன் பேசினான்.

"மோட்டாரு போட்டேன்டா."

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"செடி வாடிட்டிருந்துச்சி. வெளக்கு வைக்கிற நேரத்துல அந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்கன்னு எறக்குனேன். சத்தம் கேட்டு வந்துட்டா. 'இன்னா மாமா இது, ஊருக்கே இது ஒரு கெணறு'ன்னா. திட்ட வந்தவதான். அப்பவும் செருப்ப கழட்டி வச்சிட்டுத்தான் கிட்ட வந்தா."

"அப்புறம்?" என்றார் அமுதவல்லி.

"ஓஸு பைப்பு எங்க எறங்குதுன்னு பாக்க கல்லு மேல கைய ஊனி குனிஞ்சா. அந்தக் கல்ல நான்தான் நெம்பி வச்சிருந்தேன், ஓஸுக்கு வழி வேணும்னு. கல்லோட போயிட்டா."

"நீங்க கத்தியிருந்தா ஊரே வந்திருக்கும்."

"வந்தா மோட்டார பாக்கும்ல."

அதைச் சொல்லிவிட்டு அண்ணன் தான் சொன்னதையே கேட்டவன்போல நிறுத்தினான். சின்னராசு கையிலிருந்த சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"இல்லம்மா. கத்தணும்னு வந்துச்சி. அதுக்குள்ள அவ ஓஸை புடிச்சிட்டா. 'மாமா, வுட்டுடாதீங்க'ன்னா. நானே தூக்கிடலாம்னு நெனச்சேன். இழுத்தேன். பாதி மேல வந்துட்டா. மூஞ்சி தெரிஞ்சிச்சி. நடுவுல ஒரு ஜாயின்ட்டு. அது கழண்டுக்கிச்சி."

நான் அடுத்த விரலுக்கு மாறினேன்.

"அதுக்கப்புறம் சத்தமே இல்லடா."

அவனுடைய மோதிர விரலும் வெளுத்துவிட்டது. சுண்டு விரல் மட்டும் பாக்கி இருந்தது. அதையும் தேய்த்தேன்.

"மோட்டாரையும் ஓஸையும் எடுத்துட்டுப் போயிட்டீங்க," என்றார் அமுதவல்லி. "மருந்தக் கரைச்சி ஊத்துனீங்க. எதுக்கு? தண்ணியில எதாவது தெரியும்னா? இல்ல, அவங்களே மருந்து போட வந்து உழுந்தாங்கன்னு ஊரு நெனைக்கட்டும்னா?"

அண்ணன் அவரைப் புரியாமல் பார்த்தான். அந்தக் கேள்வி தனக்குத் தோன்றவே இல்லை என்பதுபோல இருந்தது அவன் முகம்.

"விடிஞ்சா புள்ளைங்க குடிக்கும்லம்மா," என்றான். "அங்கன்வாடிக்கு அந்தத் தண்ணிதான் போவுது. அவ உள்ள இருக்கறப்ப எப்படி குடிக்கறது? ஊதாவா இருந்தா யாரும் கொடம் எறக்க மாட்டாங்க. டப்பா பூராத்தையும் வாளியில கொட்டி கையாலயே கலக்குனேன். குச்சி தேடல."

அமுதவல்லி கல் மேல் உட்கார்ந்தார். அடுத்த கேள்வி என்று ஒன்று அவரிடம் இருந்திருக்கும். அதை அவர் கேட்கவில்லை.

"மறைக்கத்தான் போட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார் கடைசியில். "மறைக்கணும்னு இருந்தவரு அத போடாம இருந்திருந்தா நான் இந்த வாசலுக்கே வந்திருக்க மாட்டேன்."

"குதிச்சிட்டான்னு எல்லாரும் சொன்னப்ப நீயும் கூட இருந்து கேட்ட," என்றேன். நாலு நாளில் நான் அண்ணனிடம் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான்.

"கேட்டேன்."

"எங்கிட்டயும் சொன்ன."

"சொன்னேன்டா."

நான் அவன் கையை விட்டேன். அமுதவல்லி போனை எடுத்து யாரையோ அழைத்துப் பார்த்து, சிக்னல் இல்லை என்று உள்ளே வைத்தார். ஜமுனாமரத்தூர் ஸ்டேஷனுக்கு நேராகவே போய்விடலாம் என்றார். அண்ணன் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தான். ஓடிப்போக நினைத்தவனாகத் தெரியவில்லை. எங்கே போவது என்று யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தவன் போலத்தான் இருந்தான்.

* * *

முன் சீட்டில் அமுதவல்லி. பின்னால் நானும் அண்ணனும். சின்னராசு ஓட்டினான். வளைவுகளில் வழக்கத்தைவிட மெதுவாகத் திருப்பினான்.

மலைச் சரிவு திறக்கும் ஓரிடத்தில் சிக்னல் வந்து என் போன் அடித்தது. மாமியார்.

"வந்தாங்களாப்பா அந்தம்மா?"

"வந்தாங்க அத்த."

"இன்னா சொல்றாங்க?"

பழைய போன் அது. மறுமுனையில் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அண்ணன் முன் சீட்டின் முதுகைப் பார்த்தபடி இருந்தான்.

"அவ தானா போவல அத்த. உழுந்துட்டா. கெணத்துக் கல்லு பேந்துக்கிச்சி."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"நெசமாவா?"

"நெசம். மீதிய நேர்ல வந்து சொல்றேன்."

"கத்துனாளாப்பா? யாரையாச்சும் கூப்ட்டாளா?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அமுதவல்லியின் தலை கொஞ்சம் திரும்பியது.

"இல்ல அத்த," என்றேன். "ஒடனே முடிஞ்சிடுச்சி."

"அப்ப செரி," என்றார். "அப்ப செரிப்பா." பிறகு அழ ஆரம்பித்தார். நதியாவைத் தூக்கிப் போன நாளிலும் அழாமல் சுவரோரமாக உட்கார்ந்திருந்தவர் அவர். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை அடுத்த வளைவில் விட்டு விட்டு வந்தது, அதற்கடுத்த வளைவில் நின்றுபோனது. சிக்னல் இல்லை.

போனைக் காதிலிருந்து எடுத்தால் அண்ணன் ஏதாவது பேசுவான். ஸ்டேஷன் வரும்வரை அதை அப்படியே வைத்திருந்தேன்.